பழைய அமெரிக்க வண்ணக் கண்ணாடி சேகரிக்கப் போகிறீர்களா? நிறத்தை விட்டுவிட்டு அச்சைப் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய பொருள் விற்கும் கடைக்குள் நுழைந்தால் கண்ணாடிச் சாமான் அடுக்கில் ரோஸ் நிறத் தட்டு ஒன்று, இளம்பச்சைக் கிண்ணம் ஒன்று, தேன் நிறத்தில் கப்பும் சாஸரும் கிடக்கும். இங்கே 3 டாலர் போட்டிருக்கும் தட்டுக்கு அடுத்த தெரு ஆன்டிக் கடையில் 25 டாலர். இரண்டிலும் ஒட்டியிருக்கும் சீட்டு மட்டும் ஒன்றுதான்: ‘டிப்ரஷன் கிளாஸ்’. கொஞ்சம் பழசாகவும் கொஞ்சம் நிறமாகவும் இருந்தால் விற்பவர்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். எது எது என்று பிரித்துத் தெரிந்துகொள்ள நான் நிறையவே அலைய வேண்டியிருந்தது. புதிதாக இறங்குகிறவர்கள் அந்த அலைச்சலைத் தவிர்க்கட்டும் என்று வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

டிப்ரஷன் கிளாஸ் (பொருளாதாரப் பெருமந்தக் காலத்துக் கண்ணாடி) என்பது 1920களின் கடைசியிலிருந்து ஏறத்தாழ 1940 வரை இயந்திர அச்சில் அழுத்தி வார்த்த மலிவு நிறக் கண்ணாடி. ஓட்ஸ் டப்பாவுக்குள் வைத்துக் கொடுத்தார்கள், சினிமாக் கொட்டகையில் டிக்கெட்டோடு கொடுத்தார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

1. ஒரு டிசைனைத் தேர்ந்தெடுங்கள்

‘ரோஸ் நிறம் எல்லாம் வாங்குவேன்’ என்று ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் அலமாரி நிறையும், ஆனால் எதுவும் எதோடும் சேராது. ஒரு கம்பெனியின் ஒரு டிசைனோடு தொடங்குங்கள். அந்த ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிச் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டால் மற்றவை தானாகப் பிடிபடும்.

பெரிய கம்பெனிகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். பென்சில்வேனியாவின் ஜெனட் கிளாஸ், ஒஹாயோ லான்காஸ்டரில் ஹாக்கிங் (1937க்குப் பிறகு ஆங்கர் ஹாக்கிங்), கொலம்பஸில் ஃபெடரல், மேற்கு வர்ஜீனியாவின் வீலிங்கில் ஹேசல்-அட்லஸ், இண்டியானாவின் டன்கர்க்கில் இண்டியானா கிளாஸ். இவர்கள் செய்தது மலிவுச் சரக்கு. அதே காலத்தில் ஹைஸி, கேம்பிரிட்ஜ், ஃபாஸ்டோரியா போன்றவர்கள் செய்தது கையால் மெருகேற்றிய உயர்தரச் சரக்கு. அதை ‘எலிகன்ட் கிளாஸ்’ என்பார்கள். அது வேறு உலகம், விலையும் வேறு. முதல் வருடம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆரம்பிக்க நான் சொல்வது ஃபெடரல் கம்பெனியின் பேட்ரிஷியன், அதுவும் தேன் நிறத்தில். நிறையக் கிடைக்கும், விலை குறைவு, கனமான கண்ணாடி, தட்டின் விளிம்பு வட்டமாக இல்லாமல் பல பக்கமாக முறிந்து இருப்பதால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். தேன் நிறம் இப்போது நாகரிகத்தில் இல்லை என்பதும் உங்களுக்கு லாபம். ஜெனட்டின் செர்ரி பிளாசம், ஹேசல்-அட்லஸின் நீல ராயல் லேஸ் இரண்டும் பார்க்க அழகு. ஆனால் போலிகளும் அவற்றில்தான் அதிகம். முதல் வாங்கலாக வேண்டாம்.

2. கையோடு எடுத்துப் போக வேண்டியவை

ஒரு யுவி (புற ஊதா ஒளி) டார்ச், 10 முதல் 20 டாலருக்குள். 395 நானோமீட்டர் அலைநீளம் உள்ளது மலிவு, 365 கொஞ்சம் விலை கூடுதல். முடிந்தால் இரண்டாவது. அங்குலம் போட்ட அளவு நாடா ஒன்று. சிறிய பூதக்கண்ணாடி. நீங்கள் தேடும் டிசைனின் படங்களும் அளவுகளும் கைப்பேசியில், இணையம் இல்லாமலே திறக்கும்படி. பல ஃப்ளீ மார்க்கெட்டுகளில் சிக்னலே வராது.

அடையாளம் காட்டும் கையேடுகளைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். உள்ளூர்ப் பொது நூலகத்தில் 748 என்ற எண் வரிசைக்குப் போங்கள், கண்ணாடி பற்றிய புத்தகங்கள் அங்கேதான் இருக்கும். பழைய பதிப்பு கிடைத்தாலும் எடுங்கள். அதில் போட்டிருக்கும் விலையைப் புறக்கணியுங்கள். படத்துக்கும் அளவுக்கும் வயதாவதில்லை.

3. ஒளிர்வதெல்லாம் பழசு அல்ல

யுவி டார்ச் வாங்கிய எல்லோரும் முதல் மாதம் அதையே அடித்துக்கொண்டு திரிவார்கள். இருட்டில் பளிச்சென்று பச்சையாக ஒளிரும் கண்ணாடியில் யுரேனியம் கலந்திருக்கிறது. 1930களின் பச்சைத் தட்டுகள் பலவற்றில் அது உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது யுரேனியத்தை அரசு தன் வசம் எடுத்துக்கொண்டதால், 1943 வாக்கிலிருந்து 1958 வரை அமெரிக்கக் கண்ணாடித் தொழிலுக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே ஒளிர்வது ஒரு தடயம். ஆனால் தடயம் மட்டுமே. யுரேனியக் கண்ணாடியை இன்றைக்கும் செய்கிறார்கள். ஒஹாயோவின் கேம்பிரிட்ஜில் மாஸர் கிளாஸ் செய்கிறது. அது ஏமாற்று வேலை இல்லை, புதுச் சரக்கு என்று சொல்லித்தான் அவர்கள் விற்கிறார்கள். இரண்டு கை மாறிய பிறகுதான் அது ‘1930’ ஆகிவிடுகிறது.

இன்னும் சில குழப்பங்கள். 365 டார்ச்சில் மங்கலான பச்சை தெரிந்தால் அது பெரும்பாலும் மாங்கனீஸ். யுரேனியம் என்று சொல்லிக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ ஒளிர்ந்தால் காட்மியம். ரோஸ் நிறத் தட்டு ஒளிரவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள், அது ஒளிர வேண்டிய அவசியமே இல்லை. ஆங்கர் ஹாக்கிங் 1950களில் செய்த ஃபாரஸ்ட் கிரீன் என்ற கரும்பச்சையும் ஒளிராது. பால் கலந்தாற்போன்ற ஜேடைட் பச்சையில் இந்தச் சோதனை நன்றாகப் பயன்படும்: 1930களின் ஜெனட், மெக்கீ கம்பெனிகளின் சரக்கு பெரும்பாலும் ஒளிரும், பிற்பாடு ஆங்கர் ஹாக்கிங் ஃபயர்-கிங் என்ற பெயரில் விற்றது ஒளிராது. அதனால் ஃபயர்-கிங் மட்டம் என்று அர்த்தமில்லை. சில ஃபயர்-கிங் துண்டுகள் பழையவற்றைவிட விலை அதிகம்.

ஊதா நிறத்தில் ஒரு தனி எச்சரிக்கை. மாங்கனீஸ் கலந்த பழைய நிறமில்லாக் கண்ணாடி பல வருடம் வெயிலில் கிடந்தால் இலேசாக ஊதா ஏறும். இதைத் தெரிந்துகொண்டு கதிர்வீச்சு கொடுத்து அடர் ஊதாவாக மாற்றி விற்கிறார்கள். கத்தரிப்பூ நிறத்தில் கண்ணைப் பறித்தால் விலகிவிடுங்கள்.

4. அச்சைப் படிக்கும் முறை

இயந்திரத்தில் வார்த்த கண்ணாடியின் பூர்வீகம் அதன் அச்சில்தான் இருக்கிறது. அதே அச்சில் ரோஸும் ஊற்றலாம், பச்சையும் ஊற்றலாம். கையில் எடுத்ததும் நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் விளிம்பின் வடிவம். ஆடம் டிசைனின் தட்டு சதுரம். மாட்ரிட் சதுரம்போல ஆரம்பித்து மூலைகள் உருண்டிருக்கும். ஷாரன் வட்டம்.

அடுத்து வேலைப்பாடு. கேமியோவில் குட்டி நாட்டியக்காரி இருப்பாள், பார்த்தால் மறக்காது. ஷாரனில் ரோஜாக் கொத்து. மிஸ் அமெரிக்காவில் நடுவில் சூரியக் கதிர், சுற்றிலும் வைரம்போல் கூர்மையான புள்ளிகள். இந்த மிஸ் அமெரிக்காவை வெஸ்ட்மோர்லண்ட் கம்பெனியின் இங்கிலிஷ் ஹாப்னெய்லோடு குழப்பாதவர்களே இல்லை, கடைக்காரர்கள் உட்பட. மிஸ் அமெரிக்காவில் நடுக்கதிர்கள் எல்லாம் ஒரே நீளம், இங்கிலிஷ் ஹாப்னெய்லில் நீளம் மாறி மாறி வரும். காலுள்ள கோப்பை என்றால் இன்னும் சுலபம்: டிசைன் முடிந்து வழவழப்பான விளிம்பு தொடங்குவதற்கு முன் வளையக் கோடுகள் இருந்தால் மிஸ் அமெரிக்கா.

மூன்றாவது அளவு. நாடாவை எடுத்து அளந்துவிடுங்கள். 6 அங்குலத் தட்டுக்கும் 9 அங்குலத் தட்டுக்கும் பெயரும் விலையும் வேறு. மூன்று தடுப்போடு நம் ஊர் ஹாஸ்டல் தட்டுபோல வருவது ‘கிரில் பிளேட்’. அது பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டைவிட மலிவு, இரண்டையும் ஒரே விலைக்கு வைத்திருந்தால் பேரம் பேச அதுவே காரணம். பிரின்ஸஸ் டிசைனில் சாஸரும் ஷெர்பெட் தட்டும் (ஷெர்பெட் என்ற குளிர் இனிப்புக் கிண்ணத்துக்கு அடியில் வைப்பது) ஒரே துண்டுதான். ‘கப் இருக்கிறது, சாஸர் தனி விலை’ என்று சொன்னால் ஷெர்பெட் தட்டு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

கடைசியாக முத்திரை. டிப்ரஷன் கிளாஸில் பெரும்பாலானவற்றுக்கு முத்திரையே கிடையாது, இல்லை என்பதால் போலி என்று முடிவு கட்டாதீர்கள். இருக்கும் முத்திரைகளில் குழப்பம் தருவது ஹேசல்-அட்லஸ். பெரிய எச் எழுத்தும் அதன் கீழ் ஏ எழுத்தும் சேர்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஆங்கர் ஹாக்கிங் என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். ஆங்கர் ஹாக்கிங்குக்கு நங்கூரப் படம். ஹைஸிக்கு வைரக் கட்டத்துக்குள் எச், கேம்பிரிட்ஜுக்கு முக்கோணத்துக்குள் சி. நீள்வட்டத்துக்குள் ஃபென்டன் என்று வார்த்திருந்தால் அந்தத் துண்டு 1970க்கு முந்தையது அல்ல. விற்பவர் ‘பாட்டி காலத்தது’ என்று சத்தியம் செய்தாலும் அல்ல.

5. மறுவார்ப்பும் போலியும்

பணம் போகும் இடம் இதுதான். 1970களில் இந்தக் கண்ணாடிக்கு மவுசு வந்ததும் மறுபடி வார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சரக்குக்கே இன்று ஐம்பது வயது ஆகிறது. அடியில் உராய்வு இருக்கும், அழுக்கு இருக்கும், எல்லாம் இருக்கும். பழசு போலத் தோன்றுவது எதையும் நிரூபிக்காது.

மாட்ரிட் ஒரு நல்ல பாடம். 1932 முதல் 1939 வரை ஃபெடரல் செய்தது. 1976இல் அமெரிக்கச் சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டுக்காக அதே ஃபெடரல் அதே டிசைனை ‘ரெகலெக்ஷன்’ என்ற பெயரில் தேன் நிறத்தில் மறுபடி கொண்டுவந்தது. நேர்மையாக டிசைனுக்குள் 76 என்ற எண்ணையும் பொறித்தது. பிறகு அச்சுகள் இண்டியானா கிளாஸ் கைக்குப் போயின, 76 அழிந்தது, ரோஸ், நீலம், நிறமில்லாதது என்று வந்துகொண்டே இருந்தன. இன்றைக்கு ரோஸ் நிற மாட்ரிட் கண்ணில் பட்டால் அது புதிது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேன் நிறம் என்றால் பூதக்கண்ணாடியால் 76ஐத் தேடுங்கள். பூ வேலைப்பாட்டுக்குள் ஒளிந்திருக்கும்.

சில துண்டுகளுக்கு நேரடிச் சோதனை உண்டு:

- செர்ரி பிளாசம் ஜக், உடல் முழுக்க டிசைன் உள்ளது: கவிழ்த்து அடியில் உள்ள செர்ரிகளை எண்ணுங்கள். பழையதில் 9, புதியதில் 7.
- ஷாரன் வெண்ணெய்க் கிண்ணத்து மூடி: பழையதில் குமிழுக்கும் மூடிக்கும் நடுவே கால் அங்குல இடம்தான், விரல் நுழையாமல் தடுமாறும். பிடிக்க வசதியாக இருந்தால் புதிது.
- மேஃபேர் டிசைனில் ரோஸ் நிறச் சின்ன விஸ்கி கிளாஸ்: பழையதில் பூவின் தண்டு கீழே இரண்டாகப் பிரியும். ஒற்றைத் தண்டாக இறங்கினால் 1977க்குப் பிந்தையது.

மற்றவற்றுக்கு ஒரு பொது விதி. நகல் அச்சில் இலை நரம்பு, பூவிதழ் போன்ற நுணுக்கங்கள் மழுங்கியிருக்கும், எடை கூடுதலாக இருக்கும், தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு வழுக்கல் இருக்கும். ஆனால் இது கை பழகிய பிறகுதான் தெரியும். அதுவரை வெண்ணெய்க் கிண்ணம், குக்கீ ஜாடி, ஜக் மூன்றையும் தொடாதீர்கள். போலி செய்கிறவன் 6 டாலர் சாஸரைச் செய்ய மாட்டான், விலை போவதைத்தான் செய்வான்.

6. சேதம்: கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள்

விளிம்பைச் சுற்றி விரல் நுனியை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லு தெறிப்பு விரலில் தட்டும். கவனம், வெட்டவும் செய்யும். விளிம்பு ஓரிடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால் தெறித்ததை யாரோ தேய்த்துச் சரிசெய்திருக்கிறார்கள்.

கண்ணாடிக்குள் குமிழி, அச்சு இணையும் இடத்தில் மேடு, வைக்கோல் ஒட்டியதுபோல் ஒரு கோடு, இவையெல்லாம் பிறவிக் குறை. மலிவுச் சரக்கு அப்படித்தான் இருக்கும். அந்தக் கோட்டை விரிசல் என்று நினைத்து நல்ல தட்டை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துத் திருப்புங்கள். விரிசல் என்றால் ஏதாவது ஒரு கோணத்தில் பளிச்சென்று மின்னும்.

பெரிய பொறி மங்கல். டிஷ்வாஷரில் பல தடவை போட்ட கண்ணாடியின் மேல்பரப்பு அரிக்கப்பட்டுப் பால் படிந்ததுபோல் ஆகிவிடும். வினிகர் போட்டாலும் போகாது, ஏனென்றால் அது அழுக்கு அல்ல. விற்பவர் மேலே கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டால் அந்த மங்கல் மறைந்து கண்ணாடி ஜொலிக்கும், வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவியதும் திரும்ப வரும். ஈரமாக இருக்கும் எதையும், கையில் பிசுபிசுக்கும் எதையும் துடைத்துக் காயவிட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

7. எங்கே, எந்த நாளில்

நன்கொடையாக வந்த பழைய சாமான் விற்கும் குட்வில், சால்வேஷன் ஆர்மி கடைகளுக்கு வார நாள் காலையில் போங்கள். சரக்கு நாள் முழுக்க அடுக்குக்கு வந்துகொண்டே இருக்கும், சனிக்கிழமை மதியம் மிச்சம்தான்.

வீட்டுச் சாமான் முழுவதையும் விற்கும் எஸ்டேட் சேல்தான் எனக்குப் பிடித்த இடம். வியாழன் அல்லது வெள்ளி தொடங்கி ஞாயிறு வரை நடக்கும். முதல் நாள் முழு விலை, பேரம் படியாது. கடைசி நாள் பெரும்பாலும் பாதி விலை. படங்களை முன்கூட்டியே இணையத்தில் போட்டுவிடுவார்கள். உங்கள் டிசைனில் அரிய துண்டு தெரிந்தால் முதல் நாள் காலை, கப்பும் தட்டும்தான் என்றால் கடைசி நாள். வாசலில் எண் சீட்டு கொடுப்பார்கள், கதவு திறக்கும் முன்னே போய் அதை வாங்கிவிடுங்கள். ரொக்கம் வைத்திருங்கள்.

மாசச்சூசெட்ஸின் பிரிம்ஃபீல்டில் மே, ஜூலை, செப்டம்பர் மாதங்களில் பெரிய ஆன்டிக் சந்தை கூடும். கற்றுக்கொள்ள அருமையான இடம், வாங்க அல்ல. வாங்குவதைவிடத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் டிப்ரஷன் கிளாஸுக்கென்றே நடக்கும் கண்காட்சிகளுக்குப் போங்கள். விற்பவர்கள் பெரும்பாலும் வயதான சேகரிப்பாளர்கள். கேட்டால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். ஒரே இடத்தில் உயர்தரச் சரக்கைப் பார்க்க வேண்டுமென்றால் ஒஹாயோவில் நுவர்க் நகரத்து ஹைஸி அருங்காட்சியகமும் கேம்பிரிட்ஜ் நகரத்து அருங்காட்சியகமும் ஒரே நாளில் முடியும்.

8. விலை

ஈபேயில் ஒருவர் கேட்கும் விலை வெறும் ஆசை. விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள், உண்மை விலை அங்கே இருக்கும். தேன் நிறத்தில் சாதாரணத் தட்டு, கப் எல்லாம் 5 முதல் 15 டாலருக்குள் முடிய வேண்டும். வட கரோலைனாவின் ரீப்ளேஸ்மென்ட்ஸ் நிறுவனத்தின் தளத்தில் டிசைன்களின் படங்கள் ஏராளம். அடையாளம் காண அதைப் பயன்படுத்துங்கள். உடைந்த செட்டுக்கு ஒரே ஒரு துண்டு தேடி வருகிறவர்களுக்கான விலை அங்கே. அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டு பேசும் விற்பனையாளரிடம் சிரித்துவிட்டு நகருங்கள்.

மூடி உள்ளவை ஏன் விலை கூடுதல் என்றால், மூடிதான் முதலில் உடையும். வெண்ணெய்க் கிண்ணத்தில் அடித்தட்டைவிட மூடிக்கு விலை அதிகம். அடி மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே, மூடியைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சில டிசைன்களில் இது நேர்மாறு, பேட்ரிஷியனில்கூட மூடி தனியாக வந்தால் அடித்தட்டு தேடுவது சிரமம். இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டும் வாங்குங்கள்.

9. இணையத்தில் வாங்கினால், காகிதம்

பணம் கட்டும் முன் நான்கு படம் கேளுங்கள்: அடிப்பக்கம், விளிம்பின் நெருக்கப் படம், அளவு நாடாவோடு ஒன்று, வெளிச்சத்துக்கு எதிரே ஒன்று. கொடுக்க மறுத்தால் விட்டுவிடுங்கள், வேறு கிடைக்கும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்பச் சொல்லுங்கள். தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்துக் கட்டுவது பத்திரம்.

பார்சல் வந்ததும் அன்றே திறங்கள். திறப்பதைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். உடைந்திருந்தால் பெட்டியையும் உள்ளே அடைத்த தாளையும் தூக்கி எறியாதீர்கள், கோரிக்கைக்கு அவை வேண்டும். ஈபேயில் பொருள் வந்து சேர்ந்த 30 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அமெரிக்கத் தபால் துறையில் சேதத்துக்கான கோரிக்கையை அனுப்பிய தேதியிலிருந்து 60 நாளுக்குள் போட வேண்டும். ‘விடுமுறை முடிந்து பார்க்கலாம்’ என்று பெட்டியை ஓரமாக வைத்தால் இரண்டு கெடுவும் போய்விடும்.

ஒரு எக்ஸெல் தாள் போதும்: டிசைன், நிறம், அளவு, வாங்கிய இடம், தேதி, விலை, குறை, படம். ரசீது தராத இடங்களில் சீட்டைப் படம் எடுத்துவிடுங்கள். வாடகை வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் திருட்டு, தீ விபத்து நேரத்தில் கேட்பது இந்தப் பட்டியலைத்தான். ஆனால் கை தவறி உடைந்ததற்குச் சாதாரணப் பாலிசியில் பணம் வராது.

10. வீட்டுக்கு வந்த பிறகு

வெதுவெதுப்பான தண்ணீர், சாதாரண சோப்பு, மெல்லிய துணி. தொட்டியின் அடியில் ஒரு டவலை விரித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். டிஷ்வாஷர், மைக்ரோவேவ் இரண்டும் கூடாது. குளிர்ந்த தட்டில் கொதிக்கும் சாம்பாரை ஊற்றினால் விரிசல் நிச்சயம், இது சூடு தாங்கும் கண்ணாடி அல்ல. அடுக்கும்போது தட்டுக்குத் தட்டு நடுவே ஒரு காகித நாப்கின்.

யுரேனியக் கண்ணாடியை அலமாரியில் வைத்துப் பார்ப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. அதில் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம் என்பதுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அறிவுரை. ஊறுகாய், எலுமிச்சைச் சாறு மாதிரிப் புளிப்பை அதில் வைத்துவிடாதீர்கள். உடைந்தால் தேய்த்து நகையாக்கும் யோசனையும் வேண்டாம், தூள் மூக்குக்குள் போகும்.

ஊருக்கு எடுத்துப் போவதென்றால் கைப்பெட்டியில், துணிகளுக்கு நடுவே, தட்டுகளை நிறுத்திவைத்து. செக்-இன் பெட்டியில் போட்டால் திரும்பப் பார்ப்பது துண்டுகளாக இருக்கலாம். விலைச் சீட்டுகளின் படம் கைப்பேசியில் இருக்கட்டும். சென்னை சுங்கத்தில் யாராவது பெட்டியைத் திறக்கச் சொல்லி என்ன விலை என்று கேட்டால், காட்ட ஏதாவது இருக்கும்.